முடிச்சுக்கு ஒரு நாற்று

சாணுக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றை வயலில் இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு நாற்றுத்தான் நடவேண்டும் என்றார் விவசாயப் போதனாசிரியர். அதுவரை பிடிபிடியாக நட்டுப் பழகிய தவமலர் மறுபேச்சில்லாமல் அப்படியே நட்டாள். ஐம்பதாம் நாள் அவர் வந்து தூர்களை எண்ணினார். எங்கும் இருபது, இருபத்திரண்டு கிளைகள். வடக்கு வரம்போரம், ஓர் ஆள் கால்நீட்டிப் படுக்கும் அளவு இடத்தில் மட்டும் தூருக்கு அறுபதுக்கு மேல். பிடியாக நட்ட வருடங்களில் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டதில்லை.

"அக்கா, இதிலை என்ன தாட்டனீங்கள்?"

பசளைக்கு மிதிக்கும் கிளிசிறிடியாக் குழையைத்தான் அவர் கேட்டார். குழையைச் சேற்றில் மிதிப்பதற்கும் ஆளைப் புதைப்பதற்கும் அந்தத் தீவுப் பேச்சில் 'தாட்டல்' என்ற ஒரே சொல்தான்.

"குழை ஒண்டும் தாட்டதில்லை, சேர்."

"அப்ப இந்த மண்ணிலைதான் ஏதோ இருக்கு. சோதிச்சுப் பாத்தா அடுத்த போகம் வயல் முழுக்க இப்பிடியே விளைவிக்கலாம்." மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த, மண் தோண்டி எடுக்கும் இரும்புக் குழாயை அவிழ்த்துக்கொண்டு அவர் சந்தோசமாக வயலில் இறங்கினார்.

பயிரில் ஒருநாளும் கால் படாமல் நடக்கிற தவமலர், பயிரை மிதித்துக்கொண்டு போய் அந்த இடத்தின் நடுவில் நின்றாள்.

"தள்ளுங்கோ அக்கா. ஒரு பிடி மண்தானே."

"ஓம் சேர். முதல் பிடியும் நான்தான் போட்டனான். கடைசிப் பிடியும் நான்தான்."