வலைக்குள் புல்

எங்கே தொடங்கினால் சரியாக வரும் என்று இமெல்டாவுக்குப் பிடிபடவில்லை. ஒரு சொல் கூடினால் கோள் சொல்வதாகிவிடும். ஒரு சொல் குறைந்தால் ஒரு வாயில்லா ஜீவன் செத்துப்போகும்.

சிலுவைப்பாதை முடிந்து சனம் கலைந்த பிறகும் கோயில் வாசலில் நின்று கைலேஞ்சியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன இமெல்டா, சொல்லுங்கோ” என்றார் பாதர்.

“பாதர், நான் பிழையாச் சொன்னா மன்னிக்கோணும். எனக்குக் கோர்வையாக் கதைக்க வராது.”

“கோர்வை இல்லாமலே சொல்லுங்கோ.”

“பக்கத்து வீட்டு ஷாமிலா அந்தக் குதிரையைப் பட்டினி போடுறா.”

குதிரை என்றாலும் ரெக்ஸி ஒரு கன்றுக்குட்டி உயரம்தான். அந்தச் சாதியே அவ்வளவுதான் வளருமாம். ஷாமிலாவின் புருஷன் கிளெமென்ற் அதைப் பிறந்தநாள் வீடுகளுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளோடு படம் எடுக்க விடுவான். இப்போது கொஞ்ச நாளாக அது கொட்டாஞ்சேனையின் அந்தச் சின்ன ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய தெருவுக்கு வரவில்லை. பின்வளவுக் கொட்டிலிலேயே நிற்கிறது.

“புல்லு வைக்கிறதில்லையா?”

“வைக்கிறா பாதர். காய்ஞ்ச புல்லை வலையில போட்டு இறுக்கிக் கட்டித் தொங்கவிடுறா. சின்னச் சின்னக் கண். வாயை வைச்சு இழுத்தா ஒரு தும்புதான் வரும். ஒரு தும்பு! சோத்துப் பானையை வலையால மூடிப்போட்டு எங்களைச் சாப்பிடச் சொன்னா எப்பிடி இருக்கும்? பாக்க ஏலாது பாதர்.”

அவள் சொல்லாத ஒன்றும் இருந்தது.

தவக்காலத்துக்கு இமெல்டா தன் பின்னேரப் பணிஸை விட்டிருந்தாள். பேக்கரியில் மாவில் சுட்டது, முதலை மாதிரி நீண்டு, மேலே சீனி அப்பிய கிம்புலா பணிஸ். தேத்தண்ணியோடு அது இல்லாவிட்டால் அவளுக்குத் தலையிடிக்கும். விடுகிறதை இல்லாதவருக்குக் கொடுப்பதாக நேர்த்தி. கூட நிற்க ஒரு கூட்டாளிகூட இல்லாத ரெக்ஸியை விட இல்லாதவர் யார்? சாம்பல் புதன் தொடக்கம் நாள் தவறாமல் மதிலுக்கு மேலால் நீட்டினாள். வலையைக் கண்ட நாளிலிருந்து மனம் கேளாமல் ஒன்றை இரண்டாக்கினாள். இன்றைக்கும் கொடுத்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தாள். கொடுத்ததை வெளியே சொன்னால் புண்ணியம் போய்விடும் என்று அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

பாதர் அவளோடு நடந்தே வந்தார்.

கதவைத் திறந்த ஷாமிலா பதறிப்போய் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். “வாங்கோ பாதர். அக்கா, நீங்களுமா?”

“ரெக்ஸியைப் பாக்க வந்தனாங்கள்” என்றார் பாதர். “ஆளுக்குச் சாப்பாடு வலைக்குள்ளயாமே?”

ஷாமிலா இமெல்டாவை ஒருதரம் பார்த்தாள். கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“குளம்புக்குள்ள வீக்கம் பாதர். நெருப்பில நிக்கிற மாதிரி நோகுமாம். நடக்க விடாமல், புல்லையும் அளந்து போடச் சொன்னார் மிருக டொக்டர். அளந்ததைச் சும்மா போட்டா இவர் மளமளவெண்டு திண்டு முடிச்சிட்டு விடியுமட்டும் வெறும் வயித்தோட நிப்பார். குதிரைக்கு வெறும் வயிறு கூடாது. அதுதான் மட்டக்குளி மாமாவைப் பிடிச்சு மீன்வலையில பை பின்னுவிச்சனான். தும்பு தும்பா இழுத்தா அதே புல்லு இரவு முழுக்க வரும். பாவம், பொழுதும் போகும்.”

ரெக்ஸி வலையில் மூக்கை உரசி, ஒரு தும்பை உருவி, ஆறுதலாக மென்றது.

“வருத்தம் எப்பிடி வந்தது?”

“இனிப்பால வரும் எண்டார் டொக்டர். நாங்கள் சீனியைக் கண்ணிலயும் காட்டுறதில்லை. சாம்பல் புதன் கழிஞ்ச கையோட நொண்டத் தொடங்கினவர். வலை கட்டியும் குறையேல்லை, கூடித்தான் போகுது. இப்பிடியே போனா ஊசி போட்டு ஒரேயடியா அனுப்பத்தான் வேணுமாம்.” ஷாமிலா மூக்கை உறிஞ்சினாள். “என்ர பிள்ளை மாதிரிப் பாதர்.”

இமெல்டா கொட்டில் வாசல் பக்கம் பின்வாங்கினாள்.

அதற்குள் ரெக்ஸி அவளைக் கண்டுவிட்டது. முன்கால்களை நோக நோக எடுத்து வைத்து வந்து, அவள் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது.

“உங்களில நல்ல விருப்பம் போல” என்று சிரித்தார் பாதர்.

ஷாமிலா குனிந்தாள். ரெக்ஸியின் மீசை மயிரில் சீனிப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. இமெல்டாவின் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

இமெல்டா வாயைத் திறந்தாள். கோர்வையாகவும் வரவில்லை, கோர்வை இல்லாமலும் வரவில்லை.

ஷாமிலா சட்டை நுனியால் அந்தச் சீனியைத் துடைத்துவிட்டு பாதர் பக்கம் திரும்பினாள்.

“ஒழுங்கைப் பிள்ளைகள் ஆரும் குடுத்திருக்குங்கள் பாதர். பாசத்தில குடுக்கிறதுதானே. இனிக் குடுக்காதுகள்.” பிறகு அதே குரலில், “இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன். அக்கா, உங்களுக்கும்தான்” என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் பாணும் பணிஸும் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டபடி சந்தியில் வந்து நின்றது.

நேர்த்தி இருக்கும்வரை பணிஸ் மதிலைத் தாண்டும் என்று இமெல்டாவுக்குத் தெரியும். ரெக்ஸி ஒருதரம் கனைத்தால் போதும், தன் கையைத் தன்னாலேயே பிடிக்க ஏலாது.

பணிஸைக் கையில் வாங்கினாள். பாண்காரன் பையை நீட்டினான்.

“எப்பா, மல்லி” என்று சிங்களத்தில் பையை வேண்டாமென்றாள்.

கோயிலுக்குப் போகிற சனம் பார்க்கப் பார்க்க, நடுச் சந்தியில் நின்று, தவக்கால நேர்த்தியை முறித்து, அதைக் கடைசித் துண்டுவரை தின்று தீர்த்தாள். தெருக்குழாயில் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் ஒழுங்கைக்குள் கால் வைத்தாள்.