குடை பிடித்துச் செய்தி வாசித்தவள்

வழுதக்காட்டில் திரைப்படச் சங்கத்தின் சிறிய அரங்கம், காலைக் காட்சி. கடைசி வரிசையில் நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கிறாள். திரையில் இருபத்தாறு வயது நாகலக்ஷ்மி, மூடப்போகும் ஒரு டெலிவிஷன் நிலையத்தில் செய்தி வாசிக்கிறாள். அவள் நடித்த ஒரே படம் இது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன், முதல் நாளே, இந்தக் காட்சியில்தான் ஜனங்கள் கிறுக்குப் படம் என்று எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு ஆபீசில்கூட அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. புரொஜக்டர் வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. திரையில் ஸ்டுடியோவின் கூரை ஒழுகத் தொடங்குகிறது. அவள் ஒரு கையால் குடையை விரித்துப் பிடித்தபடி, முகம் மாறாமல் அடுத்த தாளை எடுக்கிறாள். அரங்கில் சிரிப்பே இல்லை. முன்வரிசைகளில் காலேஜ் பிள்ளைகள் குனிந்து பைகளைத் துழாவுகிறார்கள். ஜிப்புகள் இழுபடும் சத்தம். "எல்லாரும் கிளம்பறா போலிருக்கு. நாம முன்னாடியே போயிடலாமா?" என்கிறார் பக்கத்தில் அவள் கணவர் ஆனந்தகிருஷ்ணன். "இருங்கோ," என்கிறாள். முன்னால் ஒரு குடை டப்பென்று விரிகிறது. பிறகு இன்னொன்று, பிறகு பத்து, பிறகு அரங்கம் முழுக்கக் குடைகள். திரையில் அவள் அடுத்த வரிக்கு வாய் திறப்பதற்குள் எல்லோரும் அதை மனப்பாடமாகச் சேர்ந்து சொல்கிறார்கள்: "இன்று மழைக்கு வாய்ப்பில்லை." நாகலக்ஷ்மியின் உதடுகளும் சத்தமில்லாமல் அதையே சொல்கின்றன. அவள் யாரென்று தெரியாத பக்கத்துச் சீட்டுப் பெண் தன் குடையை அவள் தலைக்கு மேல் சாய்த்து, அதற்குள் வரச் சொல்லி மலையாளத்தில் அழைக்கிறாள்: "குடயில்லே ஆன்ட்டி? இதில கேறிக்கோ."