பிடிமண்

அந்த அம்மன் முகத்தைப் பார்த்ததுமே, இதுதான் தன் சாமி என்று கலைமதிக்குப் பட்டுவிட்டது.

தகரக் கூரை போட்ட சின்ன அறை. முழங்கால் உயரக் கல்லுக்குப் பித்தளையில் முகம் வைத்து, பச்சைப் பாவாடையும் மஞ்சள் தாவணியும் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி வளையல்கள் சரம் சரமாகத் தொங்கின. கலைமதி அழுதாள். ஒரு சாமி முன்னால் அவள் அழுவது இதுதான் முதல் தடவை.

ஓசூரில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. எதுவும் அவளுடையதாக இல்லை, அவ்வளவுதான். வேறு சாதிப் பையனான சிவக்குமாரைக் கட்டிக்கொண்டு போனதில் பிறந்த வீட்டுக் குலசாமி போயிற்று. மாமியார் வீட்டுக் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போனபோது அவளை மட்டும் வேனிலேயே உட்காரச் சொன்னார்கள். அப்பா அம்மாவுக்கு அவளும் ஒரு தம்பியும்தான்; பெண் என்று அவள் ஒருத்தி. ஏழு வருடத்தில் ஒரு ஃபோன் கிடையாது.

அதனால் தனக்கு ஒரு சாமியைத் தானே தேடிக்கொள்வது என்று கிளம்பினாள். காமாட்சி படம் வாங்கி வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றினாள். படத்திலிருந்தவள் இவளைத் தாண்டி வேறு யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப் போனாள்; எந்த ஊர், எந்த வகையறா என்று விசாரித்தார்கள்.

மாதா கோயிலுக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தாள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் அடுப்பு மேடையில் ஒரு மஞ்சள் உருண்டையைப் பிடித்து வைத்து, சமைக்கிற நேரமெல்லாம் அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் கம்பெனி கேன்டீனில் கூட வேலை பார்க்கும் பானுமதிதான் இந்த அம்மனைப் பற்றிச் சொன்னாள். காரிமங்கலத்துக்குப் பக்கமாம். புதுக் கோயில்தானாம், ஆனால் துடியான சாமியாம். கல்யாணம் தட்டிப்போகிற பெண்கள் வந்து ஒரு தாவணி சாத்தினால் மூன்றே மாதத்தில் தாலி ஏறுகிறதாம். இடத்துக்காரர் வீட்டிலேயே, இந்த அம்மனை வைத்த பிறகுதான் பையனுக்குப் பெண் கொடுக்க ஆள் வந்ததாம்.

"கன்னிச் சாமிக்கா அது. நம்ம சொல்றத காது குடுத்துக் கேக்கும்" என்றாள் பானுமதி.

அவள் ஊர்ப் பேரைச் சொன்னதும் கலைமதி சோறு பிசைவதை நிறுத்தினாள். அது தன் ஊர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு வழி கேட்டாள். கை காட்டிய இடம் அவள் அப்பாவின் மாந்தோப்பு. வேலி வரை வந்து திரும்பிவிடத்தான் நினைத்தாள். அங்கிருந்தே தெரிந்த அந்த முகம் அவளை உள்ளே கொண்டுவந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். அப்பா ஒரு தடவை தன்னிடம் பேச வேண்டும். வேறு எதையும் கேட்கவில்லை.

அறைக்குப் பின்னாலிருந்து தேங்காய் மூடியும் கையுமாகப் பச்சியப்பன் வந்தார். அப்பாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றார். அவர் கண் அவள் கழுத்துத் தாலியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு விலகிப் போனது.

"வாங்க" என்றார். "எந்த ஊருங்க?"

பேச்சு எப்படி ஆரம்பித்தால் என்ன, பேசுகிறாரே என்று கலைமதி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"ஓசூருங்க."

அவர் கற்பூரம் காட்டினார். குங்குமத்தை அவள் உள்ளங்கையில் விரல் படாமல் மேலிருந்து போட்டார். அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது. வேண்டிக் கால் மணி நேரம் ஆகவில்லை, அம்மன் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் வைத்துக் கும்பிடப் பிடிமண் வேண்டும் என்று கேட்டாள். ஒரு கை மண் எடுத்துப் போனால் சாமி கூடவே வந்துவிடும் என்பது சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்தது. அவர் குனிந்து, கல்லின் அடியிலிருந்து மண்ணை அள்ளி, தோளில் கிடந்த துண்டின் முனையைக் கிழித்து முடிந்து நீட்டினார்.

கலைமதி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொஞ்சம் தைரியம் வந்தது. "அம்மா நல்லாருக்குதாப்பா?" என்றாள்.

அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாததுபோல் இருந்தார்.

போகப் போகப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு அவள் வேறு விதமாகக் கேட்டாள். "வூட்ல வெச்சு தெனமும் விளக்கேத்தறேங்க. பேரு சொல்லிக் கும்புடணுமில்ல? இது எந்தச் சாமிங்க?"

பச்சியப்பன் அம்மனையே பார்த்தபடி சொன்னார்.

"எம் பொண்ணுதாங்க. கன்னியாவே செத்துப்போயிடுச்சுங்க."