ஒவ்வொரு நட்டும் என் கண் முன்னால்

"நீங்க, உங்க சம்சாரம், நான், என் பொண்டாட்டி. இந்த நாலு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா ஷெட்டுக்குள்ள இருக்கக் கூடாது மச்சான். ஒவ்வொரு நட்டையும் என் கண்ணு முன்னாடிதான் முறுக்கணும்."

மெக்கானிக் தலையாட்டினார். "ஆளுங்களுக்கு இன்னிக்கு லீவு குடுத்துட்டேன் மாப்பிள்ளை. நீங்க கேட்ட மாதிரியே."

கேட்டபடியே எல்லாம் நடப்பதுதான் அவனுக்கு உறுத்தியது. மெக்கானிக், அவன் மனைவியின் அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, "உன்னை ஒரு நாள் பார்த்துக்கறேன்" என்றவர். குடும்பத்துக்குள் ஏதோ சின்ன விஷயம். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. அப்படிப்பட்டவர் போன வாரம் தானாகவே போன் செய்து, "பழசை விடுங்க மாப்பிள்ளை, உங்க காருக்கு, இஞ்சினுக்குக் காத்து இழுக்கற ஏர் இன்டேக் ரெண்டு மாடல் வந்திருக்கு" என்றால் சும்மாவா இருக்கும்?

வராமலும் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் தொழில் பார்ட்னரின் வெள்ளைக் காரை முந்தியாக வேண்டும். போன தடவை அரைக் கார் நீளத்தில் தோற்றிருந்தான். அவனுடைய மஞ்சள் கார், இரண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் கார். அதன் பானெட்டைத் திறக்கத் துணிந்த கை அந்த ஊரில் மச்சானுடையது ஒன்றுதான்.

"நீ இங்கயே உக்காரு. நான் பாக்கற மாதிரி," என்று மனைவிக்கு ஒரு ஸ்டூலைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். அவளுடைய போன் வழக்கம்போல் அவன் சட்டைப் பையில் இருந்தது.

மெக்கானிக் இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பிரித்தார். ஒன்றில், ஃபில்டரைச் சுற்றிக் கறுப்புக் கூடு. இன்னொன்றில் ஃபில்டர் அம்மணமாக, கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"மூடினதை எடுங்க மாப்பிள்ளை. இஞ்சின் சூடு ஏறாம வெளிக்காத்தை இழுக்கும். இந்தக் கோன் சும்மா கத்தும். சத்தத்தைக் கேட்டா வேகமாப் போற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

அவன் மச்சானின் முகத்தையே பார்த்தான். பிறகு சொன்னான்: "கோனை மாட்டுங்க."

"சொன்னாக் கேளுங்க, அது..."

"கோன்."

"அவருக்குப் பிடிச்சதைத்தான் மாட்டிவிடுங்களேன்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "அவர் வண்டிக்கு நாம எதுக்கு மல்லுக்கு நிக்கணும்?"

பழைய ஃபில்டர் பெட்டி வெளியே வந்தது. காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றிப் புதுக் குழாயில் பொருத்தினார் மெக்கானிக். அவன் டார்ச்சை அடித்துக்கொண்டே கூடக் கூடக் குனிந்தான்.

"அந்தக் கிளாம்ப்பை முறுக்குங்க."

"முறுக்கியாச்சு."

"இன்னொரு தரம்."

முறுக்கினார். அவன் விரலால் அசைத்துப் பார்த்தான். காருக்கு அடியில் படுத்து பிரேக் குழாய்களைத் தடவினான். சக்கர நட்டுகளை எண்ணினான்.

"பானெட்டைத் தாண்டி என் கை எங்கயும் போகல மாப்பிள்ளை."

"போகாமப் பாத்துக்கத்தானே நான் நிக்கறேன்."

ஒரு ஸ்பேனர் கை தவறி சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஸ்டூலில் இருந்தவள் சட்டென்று முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள்.

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்," என்று அவன் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் குனிந்து ஸ்பேனரை எடுக்கக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது.

சாவியைத் திருப்பினான். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கோன் காற்றை உறிஞ்சிக் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடணும்," என்றார் மெக்கானிக். "இஞ்சினுக்குக் காத்து சரியாப் போகுதான்னு மீட்டர்ல பாக்கணும். நான் பக்கத்துல உக்காரணும்."

அவன் ஸ்டூல் பக்கம் திரும்பினான். அவளைத் தனியாக விட்டு அவனுக்குப் பழக்கமே இல்லை. ஆனால் இரண்டே சீட்டு. கூடவே இன்னொன்றும் தோன்றியது. மச்சான் ஏதாவது சதி செய்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாகவா வருவார்? இதைவிட நல்ல உத்தரவாதம் கிடைக்காது.

"ஏறுங்க மச்சான்." மெக்கானிக்கின் மனைவியிடம் சொன்னான்: "இவ இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கூடாது."

"நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

சாலையில் கார் சீறியது. வளைவுகளில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். ஒவ்வொரு தடவையும் கார் சொன்ன இடத்தில் நின்றது.

"இன்னும் மிதிங்க. பாலம் தாண்டட்டும்," என்றார் மெக்கானிக், கையிலிருந்த மீட்டரைப் பார்த்தபடி. பாலம் தாண்டியது. சுங்கச் சாவடியும் தாண்டியது. அங்கே மெக்கானிக்கின் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது.

"யாரு?"

"ராங் நம்பரா இருக்கும். போதும் மாப்பிள்ளை, திருப்புங்க. எல்லாம் சரியா இருக்கு."

திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு மனசு லேசாக இருந்தது. மனுஷன் நிஜமாகவே திருந்திவிட்டார்போல. காரில் ஒரு குறையும் இல்லை.

ஷெட்டின் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் அந்த ஸ்டூல் மட்டும் காலியாகக் கிடந்தது.

"வெயிலுக்கு உள்ள போயிருப்பாங்க. இருங்க, ஷட்டரைத் தூக்கறேன்." மெக்கானிக் இறங்கிப்போய், பக்கத்திலிருந்த சின்ன இரும்புக் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கார்ல ஒரு நட்டுகூட லூசு இல்ல மாப்பிள்ளை. என் தங்கச்சியைத் தேடி ஊர் ஊரா ஓட்டுங்க. நீங்க வர்றது அவளுக்கு ரெண்டு தெரு தள்ளியே கேக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு இரண்டு தடவை திரும்பியது.