ஆறு பிள்ளைகள், ஏழு குரல்

"அம்மா, மனோவைக் கூப்பிட்டா கை வரும்மா."

தோசைக் கரண்டியும் கையுமாக அன்புக்கரசி அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்த மனோடி?"

"பிரியா மிஸ் பாட்டுலம்மா. எல்லாரும் கண்ணை மூடிக்கினு மனோ, மனோன்னு கூப்புடுவோம். கை வந்துடும்." ஐந்து வயது தமிழ்நிலா தோசையைப் பிய்த்தபடி வெகு சாதாரணமாகச் சொன்னாள். "நாங்க ஆறு பேருதாம்மா. ஆனா ஏழு குரல் கேக்குது."

அன்புக்கரசி அடுப்பை அணைத்தாள்.

மனோ, பின் லைன் குவார்ட்டர்ஸ் செங்கமலத்தின் மகன். ஏழு வயது. போன ஐப்பசியில் இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டான்.

அன்றிலிருந்து பிளாக்கில் யாரும் அந்தப் பேரை எடுப்பதில்லை. பெற்றவள் மனசு நோகக்கூடாது என்று அந்தச் சட்டம் போட்டவளே அன்புக்கரசிதான். பிள்ளைகளின் கிரிக்கெட் மட்டையில் அவன் கிறுக்கி வைத்திருந்த பேரைக்கூட அரிவாள்மனையில் சுரண்டி எடுத்துவிட்டாள். 'மனோம்மா' என்று எல்லாரும் வாய் நிறையக் கூப்பிட்டவளை இப்போது 'செங்கமலம்' என்றார்கள். அவளும் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல செத்த புள்ள பேரைச் சொல்லிக் கூப்புட்டா அது வராம என்ன செய்யும்?" என்று புருஷனிடம் புலம்பினாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு ராயப்பன் மைன்ஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு எல்லாம் லேசுதான்.

சண்முகப்பிரியா பிளாக்குக்கு வந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. மெட்ராஸில் ஸ்பானிஷ் படித்தவளாம். சாயங்காலம் வாண்டுகளுக்குச் சும்மாவே சொல்லித் தந்தாள். புத்தகம் கிடையாது. தமிழில் அர்த்தமும் சொல்ல மாட்டாள். பாட்டு, குதியாட்டம், ஒளிந்து பிடிப்பது, அவ்வளவுதான். பிரெஞ்சு படித்தால் பாண்டிச்சேரிக்காவது ஆகும், ஸ்பானிஷ் படித்து பக்கத்து முத்தாண்டிக்குப்பத்தில் யாரிடம் பேசுவது என்று பிளாக்கே சிரித்தது. சிரித்த கையோடு பிள்ளைகளையும் அனுப்பி வைத்தது.

மறுநாள் சாயங்காலம், மகளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது, அந்த வகுப்பையும் அன்றோடு மூட வைத்துவிடுவது என்று அன்புக்கரசி கிளம்பினாள்.

பிரியா வீட்டுத் தோட்டம், தானே புயலில் பலாமரம் விழுந்த பிறகு வெறிச்சென்று கிடந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மருதாணி வேலி. காற்றே இல்லை.

ஆறு பிள்ளைகளும் வட்டமாக நின்றிருந்தார்கள். ஆறு பேருக்கும் கண் மூடியிருந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால்.

பிரியா மெல்லிய குரலில் பாடினாள். "மனோ, மனோ, தோந்தே எஸ்தா?"

"அக்கீ எஸ்தா!" பன்னிரண்டு கைகள் மேலே எழும்பின.

அக்கியாம், எஸ்தாவாம், கருமம் என்று அன்புக்கரசி முனகும்போதே, ஒரு நொடி தாமதமாக, வேலிக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது.

"அக்கீ... எஸ்தா..."

மருதாணி இலைகளுக்கு மேலே ஒரு கை எழும்பி நின்றது. கை மட்டும்.

அன்புக்கரசி பாய்ந்து போய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"செத்த புள்ளைய இப்படிக் கூப்புட்டுகினு இருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?"

"மெதுவாப் பேசுங்கக்கா" என்றாள் பிரியா. "கொர்ரே!" என்று கை தட்டினாள். ஓடு என்று அர்த்தம் போலிருக்கிறது. பிள்ளைகள் வாசல் பக்கம் ஓடினார்கள், தமிழ்நிலாவும் பிடியை உதறிவிட்டு.

"ஸ்பானிஷ்ல மனோன்னா கைங்கக்கா. 'கை எங்க இருக்கு'ன்னு கேப்பேன், 'இங்கதான் இருக்கு'ன்னு கையைத் தூக்குவாங்க."

"கையா?"

அன்புக்கரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. "அப்ப வேலிக்குள்ள..."

"செங்கமலம் அக்காதான். தெனமும் வந்து நிப்பாங்க. உள்ள கூப்பிட்டா வர மாட்டாங்க."

"அடப்பாவமே! அவங்க காதுல அந்தப் பேரு வுழக்கூடாதுன்னுதானே எட்டு மாசமா நாங்க வாயைக் கட்டிகினு இருக்கோம்? ஊருக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. நாளையிலேருந்து மூக்கு, காதுன்னு வேற எதுனா பாடுங்க."

"தெரியும்க்கா." பிரியா வேலியைப் பார்த்தாள். "சரியாச் சொன்னா அது 'மானோ'. இழுத்துச் சொல்லணும். பசங்க 'மனோ'ன்னு சுருக்கிடுச்சுங்க. ஒரு வாரம் விட்டுப் பார்த்து, 'மானோ'ன்னு திருத்தினேன். அன்னிக்குத்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவங்க முதல்முதலா எங்கிட்டப் பேசினாங்க."

"என்னன்னு?"

"'இத்தனை மாசமா எம்புள்ள பேரை ஒருத்தரும் கூப்புடல. இந்தப் புள்ளைங்கதான் கூப்புட்டுச்சுங்க. அதையும் ஏம்மா மாத்திட்டே?'ன்னு." பிரியா குரலைத் தாழ்த்தினாள். "மறுநாளே தப்பாவே சொல்லிக் குடுத்துட்டேங்க்கா."

அன்புக்கரசி வேலியோரம் போய் நின்றாள். எட்டு மாதமாகச் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"மனோம்மா..."

இலைகள் அசைந்தன.

"இங்கதான் இருக்கேன்" என்றது ஏழாவது குரல்.