கழுவாத கப்

"அந்தக் கப்பைக் கழுவிடாதே."

பேராசிரியர் சமையலறைக்குள்ள தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாரு. வாசல்ல பொண்ணும், அவ கட்டிக்கப் போற பையனும் செருப்பு மாட்டிக்கிட்டிருந்தாங்க.

"எந்தக் கப்?" மனைவி கேட்டாங்க. சிங்க்ல எல்லாரும் காபி குடிச்ச கப்பும் கிடந்தது.

"அந்தப் பையன் குடிச்சது. விளிம்புல எச்சில் இருக்கும். அப்படியே கவர்ல போட்டுக் குடு, லேபுக்குக் கொண்டு போறேன்."

"மாப்பிள்ளை எச்சில் லேபுக்கு எதுக்குங்க?"

"மாப்பிள்ளைன்னு இன்னும் முடிவாகலை. அவன் அண்ணனுக்கு மனச்சிதைவு. இவன் ஜீன்ல என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"அண்ணனைப் பத்தி வந்த முதல் நாளே அவரே சொன்னாரே. மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்கும் போறாராமே."

"அதைத்தான் சொல்றேன். இதையே வெளிய சொல்றான்னா, உள்ள இன்னும் எதை மறைக்கிறானோ."

மனைவி மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கினாங்க. தொண்டையைச் செருமினாங்க. அச்சு அசலா அவரு குரல்.

"'ஜீன்ங்கிறது தலையெழுத்து இல்லை நண்பர்களே. அது வெறும் சுவிட்ச் போர்டு. மூளைக்குள்ள எது ஆன் ஆகும், எது ஆஃப் ஆகும்னு போர்டை மட்டும் பார்த்து யாரும் சொல்லிட முடியாது.' போன வாரம் கைதட்டல் வாங்கினது யாருங்க?"

"அது மேடை. இது வீடு. கப்பைக் குடு."

மனைவி சிங்க் பக்கம் திரும்பினாங்க. ஒரு கப்பைக் காதைப் பிடிச்சுத் தூக்கி, விளிம்புல விரல் படாம கவர்ல போட்டு, இறுக்கி முடிச்சும் போட்டுக் குடுத்தாங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் பேராசிரியருக்கு இருப்புக்கொள்ளலை. உட்கார்ந்தா எழுந்திருக்கணும். எழுந்தா நடக்கணும். நடந்தா ஹால் சுவிட்சைப் போடணும், அணைக்கணும், திரும்பவும் போடணும்.

"பல்பு போயிடும்ங்க."

"போகட்டும்."

"அப்பா, தேதி எப்பன்னு அவங்க வீட்டுல கேட்கிறாங்க," பொண்ணு வந்து நின்னா.

"சொல்றேன் பாப்பா. கொஞ்சம் வேலை இருக்கு."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

"நேத்தும் வேலை இருந்தது."

அவ அம்மாவைப் பார்த்தா. அம்மா துணி மடிச்சுக்கிட்டிருந்தாங்க. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில போன் அடிச்சது. லேப்ல வேலை பார்க்கிற பொண்ணு. பேராசிரியர் பாய்ஞ்சு எடுத்து, துணி மடிச்சுக்கிட்டிருந்த மனைவிக்கும் கேட்கட்டும்னு ஸ்பீக்கரைப் போட்டாரு.

"சார், பேர் போடாம ஒரு சாம்பிள் குடுத்தீங்களே. மனச்சிதைவு ரிஸ்க் அதிகமாத்தான் காட்டுது சார். நூறு பேரை வரிசையா நிக்க வெச்சா, முன்னாடி நாலஞ்சு பேருக்குள்ள வருவாரு. ஆனா இதை வெச்சு ஒருத்தருக்கு நோய் வரும்னு சொல்லிடக் கூடாதுன்னு நீங்கதானே சார் எங்களுக்கு..."

போனை வெச்சுட்டாரு.

"கேட்டியா? நான் சொன்னேனா இல்லையா? நல்ல வேளை, தேதி குறிக்கலை. பாப்பாவைக் கூப்பிடு. இந்த இடம் வேண்டாம்."

"அவரு நல்லாத்தானே இருக்காரு."

"இன்னிக்கு நல்லா இருப்பான். நாளைக்கு எந்த சுவிட்ச் ஆன் ஆகுமோ, யார் கண்டா?" கை தன்னால ஹால் சுவிட்சுக்குப் போச்சு. போட்டாரு, அணைச்சாரு. "இப்படி ஒரு ஆளோட என் பொண்ணு காலம் பூரா எப்படிக் குடும்பம் நடத்துவா? அதை மட்டும் சொல்லு."

மனைவி கடைசித் துணியை மடிச்சு வெச்சுட்டு எழுந்தாங்க.

"அவளைக் கூப்பிடறேன். எப்படி நடத்தறதுன்னு நானே சொல்லித் தர்றேன். எனக்குப் பழக்கம்தானே."

"உனக்கு என்ன பழக்கம்?"

"மாப்பிள்ளை கப்பை அன்னிக்கே கழுவிக் கவுத்துட்டேன். நீங்க லேபுக்குக் கொண்டு போனது உங்க கப்புங்க."