சுருங்க மாட்டேன் என்ற வில்லை

பல் கிளிப்புக்காகப் பல்லில் ஒட்டுகிற பீங்கான் வில்லைகள் இரண்டு, அச்சிலிருந்து சுண்ணாம்பு வெள்ளையாக வெளியே வந்தன. ஒன்று சிட்டு, இன்னொன்று குண்டு. எப்படியாவது ஒரு பல்லில் போய் உட்கார வேண்டும், அதுதான் இரண்டுக்கும் ஆசை.

"நல்லா வேகணும். கொஞ்சம் சுருங்குவீங்க, ஆனா கண்ணாடி மாதிரி ஆயிடுவீங்க. அப்பத்தான் பல்லுல இருக்கிறதே தெரியாது" என்றது உலை.

"சுருங்கணுமா? இருக்கிறதே அரிசி அளவு!" என்று குண்டு சூடு குறைந்த ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. சிட்டு நடுவில் உட்கார்ந்து வெந்தது.

வெளியே வந்ததும் குண்டு சிரித்தது. "அடி சிட்டு, உன்னைத் தேடித்தான் பாக்கணும்! என்னைப் பாரு, உள்ள போன உடம்பு குறையாம வந்திருக்கேன்."

"நீ பொழைச்சுக்கிட்டே அக்கா" என்றது சிட்டு, பாவமாக.

சரிபார்க்கிற மரகதம் அச்சடித்த தாளை விரித்து, ஓர் எழுத்தின் மேல் சிட்டை வைத்தாள். எழுத்து தெரிந்தது. டாக்டருக்குப் போகிற பெட்டியில், மற்ற வில்லைகளோடு போட்டாள். குண்டை வைத்தாள், எழுத்து மறைந்துபோனது. அதைக் கழித்துப்போடுகிற டப்பாவில் போட்டாள். அன்றைக்கு அதில் வேறு எதுவும் இல்லை.

குண்டு உள்ளே தாராளமாகச் சாய்ந்துகொண்டு கூவியது:

"பாத்தியாடி சிட்டு? நீங்க எல்லாம் அங்க நெருக்கியடிச்சுக் கிடக்கீங்க. எனக்கு மட்டும் தனி டப்பா!"